பத்து ஆண்டுகளில் வரைந்த 412 படங்களில் மிஞ்சியவை மூன்று

ஒன்பது வயதில் வரையத் தொடங்கிய நான், பத்தொன்பது வயதில் கிராமத்தை விட்டுப் புறப்படும் வரை, முடித்த ஒவ்வொரு படத்தையும் ஒரு கணக்கு நோட்டில் எண் போட்டுக் குறித்து வந்தேன். கடைசியாகக் குறித்த எண் 412. அவற்றில் இன்று என்னிடம் இருப்பவை மூன்றே மூன்று. மற்றவை திருடு போகவில்லை, தீயில் எரியவும் இல்லை. நான் வாங்கிய வண்ணங்களும், நான் பயன்படுத்திய தாளும் எண்ணெயும், படங்களை நான் பூட்டி வைத்த பெட்டியும் சேர்ந்தே அவற்றை அழித்தன. இதில் ஒவ்வொன்றையும் அரை மணி நேரத்தில் எனக்கு விளக்கியிருக்க முடியும். விளக்குவதற்கு ஆள் இல்லை. நான் பட்ட இழப்பை இங்கே வரிசையாகச் சொல்வது, இப்போதும் எங்கோ ஒரு கிராமத்துத் திண்ணையில் தனியாக உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கும் ஒரு பிள்ளையை மனத்தில் வைத்துத்தான்.

எங்கள் வீட்டில் எனக்கு முன் யாரும் வரைந்ததில்லை. அடுப்பிலிருந்து எடுத்த கரித்துண்டும் வெள்ளையடித்த சுவருமே என் தொடக்கம். கரிக்கோடு கையால் தொட்டாலே கலைந்துவிடும் என்பதால் அடுத்து வண்ணத்தின் பக்கம் போனேன். பூவிதழ்களையும் இலைகளையும் கசக்கிச் சாறெடுத்துத் தாளில் பூசினேன். பூசிய அன்று அந்தச் சிவப்பும் ஊதாவும் கண்ணைப் பறித்தன; பத்து நாளில் பழுப்புக் கறைகளாக மாறின. என் கைப்பக்குவம்தான் சரியில்லை என்று நினைத்து, மீண்டும் மீண்டும் புதுப்புது பூக்களைப் பறித்து இரண்டு ஆண்டுகளை அதில் செலவிட்டேன். பூவின் சிவப்புக்கும் ஊதாவுக்கும் பெரும்பாலும் காரணமான அந்தோசயனின் என்ற பொருள், புளிப்புத்தன்மை மாறினால் நிறம் மாறும், வெளிச்சம் பட்டால் சிதையும். அதை நிலைநிறுத்தும் பக்குவம் எதுவும் ஒரு சிறுவனின் கையில் இல்லை. பூச்சாற்றால் வரைந்து மகிழ்வதில் தவறில்லை. ஆனால் வைத்துக்கொள்ள விரும்பும் படத்துக்கு அது ஆகாது.

பன்னிரண்டு வயதில் இரண்டு அறுவடைக் காலங்கள் வயலில் கூலிக்கு உழைத்து, அந்தப் பணம் முழுவதையும் கொடுத்து ஒரு பெரிய வண்ணப் பெட்டி வாங்கினேன். அதில் இருபத்து நான்கு குப்பிகள் இருந்தன. இளஞ்சிவப்பும் கத்தரிப்பூ நிறமும் அவ்வளவு பளிச்சென்று இருந்ததால், மாலை வானத்தை மட்டுமே நாற்பதுக்கும் மேற்பட்ட படங்களாக வரைந்து, சன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஒட்டி வைத்தேன். ஓராண்டுக்குள் வானம் முழுவதும் வெளிறி, மரங்களின் கறுப்பும் மண்ணின் பழுப்பும் மட்டும் அப்படியே நின்றன. நான் அழுத நாள் அது. பணம் போனதைவிட, நான் உண்மையாகவே பார்த்து வரைந்த ஒரு மாலை என் கண்முன்னே இல்லாமல் போனது தாங்க முடியாததாக இருந்தது. வெளிச்சம் வண்ணத்துக்குச் செய்யும் கேடு மீளாதது; ஒவ்வொரு நாளின் வெளிச்சமும் முந்தைய நாளின் மேல் சேர்ந்துகொண்டே போகும். டச்சு ஓவியர் வான்கோ 1888ஆம் ஆண்டு வரைந்த படுக்கையறைப் படத்தின் சுவர்களை வெளிர் ஊதா என்று தம் கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார்; இன்று அவை நீலமாகத் தெரிகின்றன, ஏனென்றால் ஊதாவுக்குள் இருந்த சிவப்பு மங்கிவிட்டது. அத்தனை பெரிய ஓவியருக்கே நேர்ந்தது என்று பல ஆண்டுகள் கழித்து அறிந்தபோதுதான், என் மீதே நான் கொண்டிருந்த கோபம் சற்றுத் தணிந்தது.

ஆகவே வண்ணம் வாங்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது, குப்பியின் முன்பக்கம் அச்சிட்ட அழகான பெயரை விட்டுவிட்டு, பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படியுங்கள் என்பதே. தரமான வண்ணங்களில் நிறமியின், அதாவது நிறம் தரும் பொடியின், குறியீடு இருக்கும். பி.ஆர். 101 என்றால் இரும்பு ஆக்சைடுச் சிவப்பு, பி.ஒய். 43 என்றால் மஞ்சள் காவி, பி.பி. 29 என்றால் அல்ட்ராமரின் நீலம். மூன்றும் வெளிச்சத்தில் உறுதியாக நிற்பவை. பி.ஆர். 83 என்ற அலிசரின் கிரிம்சன் அழகானது, ஆனால் மெல்லிய பூச்சாகப் பூசினால் மங்கும். ஒளிரும் வகை இளஞ்சிவப்புகள் அதைவிட வேகமாகப் போய்விடும். குறியீடே இல்லாத மலிவு வண்ணமாக இருந்தால், நீங்களே சோதித்துப் பாருங்கள்: ஒவ்வொரு வண்ணத்தையும் ஒரு தாள் துண்டில் பட்டையாகப் பூசி, பாதியைக் கெட்டியான கறுப்பு அட்டையால் மூடி, வெயில் விழும் சன்னலில் மூன்று மாதம் வைத்துவிட்டு அட்டையை எடுங்கள். மூடிய பாதிக்கும் மூடாத பாதிக்கும் நடுவே கோடு தெரிந்தால், அந்தக் குப்பியைப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இருபத்து நான்கு வண்ணங்களுக்குப் பதில் நம்பகமான ஆறு வண்ணங்களை வாங்கியிருந்தால், நான் உழைத்த இரண்டு அறுவடைகளில் ஒன்றின் பணமாவது மிஞ்சியிருக்கும். கலக்கக் கற்கும் கட்டாயமும் அப்போதே வந்திருக்கும்.

எண்ணெய் வண்ணத்தில் பட்ட அடி இன்னொரு வகையானது. பெரிய ஓவியர்கள் எண்ணெயில் வரைகிறார்கள் என்பது மட்டும் தெரிந்து, எந்த எண்ணெய் என்பது தெரியாமல், வீட்டிலிருந்த சமையல் எண்ணெயில் வண்ணப்பொடியைக் குழைத்து ஒரு பழைய துணியில் நேரடியாகத் தீட்டினேன். ஒரு மாதமாகியும் காயவில்லை. வெயிலில் வைத்தேன், அடுப்பங்கரையில் தொங்கவிட்டேன். ஓராண்டுக்குப் பிறகும் விரல் ஒட்டியது, புழுதியும் பூச்சிகளும் அதில் ஒட்டிக்கொண்டன. எண்ணெய் வண்ணம் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை என்பதும், காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிக் கெட்டிப்படும் சில எண்ணெய்களே ஓவியத்துக்கு ஆகும் என்பதும் எனக்குத் தெரியாது. ஆளி விதை, வால்நட், கசகசா எண்ணெய்கள் அப்படிக் கெட்டிப்படும். தேங்காய் எண்ணெய் எத்தனை ஆண்டானாலும் கெட்டிப்படாது. அது போக, துணியில் நேரடியாக எண்ணெய் பட்டால் நூல் நாளடைவில் நைந்து நொறுங்கும் என்பதால், முதலில் நீர்த்த பசை ஒரு பூச்சு, அதன் மேல் சுண்ணப்பொடியும் பசையும் கலந்த அடிப்பூச்சு, அல்லது இப்போது கிடைக்கும் அக்ரிலிக் அடிப்பூச்சு இரண்டு முறை வேண்டும். அடியில் எண்ணெய் குறைந்த அடுக்கு, மேலே எண்ணெய் மிகுந்த அடுக்கு என்ற வரிசை மாறினால் மேற்பூச்சு முதலில் இறுகி, பிறகு அடிப்பூச்சு அசையும்போது வெடிக்கும். கெட்டுப்போன அந்தத் துணிகள் பதினேழு. அவற்றை நானே ஒரு நாள் வயலோரத்தில் புதைத்தேன்.

கையில் பணமே இல்லாமல் போன அந்த ஆண்டுதான் என் வாழ்வின் திருப்பம் என்று இன்று தோன்றுகிறது. விளக்கின் மேல் ஓட்டைக் கவிழ்த்துப் பிடித்த புகைக்கரியும், ஓடைக்கரையிலிருந்து அள்ளிய சிவப்பு மண்ணும்தான் மிஞ்சியிருந்தன. மண்ணைத் தண்ணீரில் கரைத்து, மணல் அடியில் தங்கியதும் மேலே நிற்கும் கலங்கலை வேறு பாத்திரத்தில் ஊற்றி, அதை ஒரு நாள் தெளியவிட்டு, தெளிந்த நீரை வடித்து, அடியில் படிந்த மென்மையான வண்டலை உலர்த்தி எடுப்பேன். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் விரலிடையில் மணலே தட்டாத பொடி கிடைக்கும். மரப்பிசினை வெந்நீரில் கரைத்து அதனுடன் அரைத்தால் நீர்வண்ணம் ஆகிவிடும். நீர்வண்ணத்துக்கு உலகெங்கும் கருவேல இனத்து மரங்களின் பிசினைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது, மரத்தில் வழிந்ததை எடுத்தேன், அவ்வளவுதான். மஞ்சள் மண்ணை ஓட்டில் போட்டு வறுத்தால் சிவக்கும் என்பதையும் தற்செயலாகக் கண்டுபிடித்தேன். மஞ்சள் மண்ணிலுள்ள இரும்போடு சேர்ந்திருக்கும் நீர் சுமார் 300 டிகிரிச் சூட்டில் நீங்குவதால் அப்படி ஆகிறது. ஒரே மஞ்சள் மண்ணிலிருந்து, வறுக்கும் நேரத்தை மாற்றி மாற்றி, ஐந்து நிறங்கள் எடுத்தேன். இந்த இரும்பு நிறமிகள்தான் பிரான்சிலுள்ள லாஸ்கோ குகை ஓவியங்களில் ஏறத்தாழ 17,000 ஆண்டுகளாக நிற்பவை. நான் மிகவும் தாழ்வாக நினைத்த ஆண்டின் வண்ணங்களே நின்றன. ஆசைப்பட்டு வாங்கியவை அத்தனையும் போயின. கிராமத்துப் பிள்ளைகள் யாரேனும் என்னிடம் கேட்டால், முதல் இரண்டு ஆண்டுகளுக்குக் கரியும் மண்ணும் போதும் என்று தயங்காமல் சொல்வேன். மண்ணை அள்ளும்போது மட்டும், பூச்சிமருந்து தெளித்த நிலத்தையும் ஆலைக் கழிவு வந்து சேரும் இடத்தையும் தவிர்க்க வேண்டும். உலர்ந்த பொடியை அரைக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும்.

பொருளால் இழந்ததைவிடப் பெரிது, பார்வையால் இழந்தது. பதினோரு வயதிலிருந்து பதினெட்டு வரை ஏழு ஆண்டுகள், நான் பெரும்பாலும் அச்சுப் படங்களைப் பார்த்தே வரைந்தேன். கட்டம் போட்டுப் பெரிதாக்குவதில் எனக்கு இணை இல்லை என்று ஊரே பாராட்டியது. நான் பார்த்தே இராத பனிமலைகளையும் கோட்டைகளையும் வரைந்து குவித்தேன். வாசலில் கட்டியிருந்த மாட்டை ஒரு முறைகூட உட்கார்ந்து பார்க்கவில்லை, அது ஓவியத்துக்குரிய பொருள் என்றே எனக்குத் தோன்றவில்லை. ஒரு நாள் மட்டும், படுத்திருக்கும் மாடு எழுவது போல ஒன்றை நினைவிலிருந்து வரைந்தேன். குதிரை ஒன்று எழும் அச்சுப் படம் என்னிடம் இருந்ததால், அதன் கால் நிலையையே மாட்டுக்கும் வைத்துவிட்டேன். எங்கள் தெருவில் மாடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "தம்பி, நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த மாடு எந்திரிக்க முடியாதுப்பா. முன்னங்காலை நீட்டி ஊனி எந்திரிக்கிறது குதிரை. மாடு முன்முட்டி போட்டுக்கிட்டு பின்பக்கத்தைத்தான் முதல்ல தூக்கும். வந்து பாரு" என்று என்னைத் தொழுவத்துக்கு அழைத்துப் போனார். அன்று மாலை மூன்று மாடுகள் எழுவதைப் பார்த்தேன். அவர் சொன்னபடியே, முட்டியில் நின்றுகொண்டு பின்பகுதியை உயர்த்தி, பிறகு ஒவ்வொரு முன்னங்காலாக ஊன்றி அவை எழுந்தன. பதினேழு ஆண்டுகள் மாடுகளோடு வளர்ந்தும் நான் அதைக் கண்டிருக்கவில்லை. வெட்கமும் மகிழ்ச்சியும் ஒன்றாக வந்த அந்த மாலையில், புகைக்கரியாலும் சிவப்பு மண்ணாலும் அந்த மாட்டை மறுபடி வரைந்து அவருக்கே கொடுத்தேன்.

ஆயினும் அந்தப் பாடம் எனக்குள் முழுதாக இறங்கவில்லை. பதினெட்டு வயதில் ஓர் ஓவியக் கல்லூரியின் நுழைவுத் தேர்வுக்குப் போனேன். நான் கொண்டுபோன படங்கள் அனைத்தும் பிரதிகள். தேர்வாளர்கள் விரைவாகப் புரட்டிவிட்டு மூடினார்கள். பிறகு ஒரு மனிதரை நாற்காலியில் அமர்த்தி இரண்டு மணி நேரம் வரையச் சொன்னார்கள். கட்டம் இல்லாமல் என் கை நின்றுவிட்டது. தலையில் தொடங்கி, தலையை மட்டும் ஒரு மணி நேரம் தீட்டினேன். பாதங்கள் தாளுக்குள் அடங்கவே இல்லை. இடம் கிடைக்கவில்லை, ஓர் ஆண்டு போனது. ஊருக்குத் திரும்பும் வழியில், நான் ஓவியனே அல்ல என்று முடிவு செய்திருந்தேன்.

அந்த ஓராண்டில் கற்றதை விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இதற்கு ஆசிரியர் தேவையில்லை, கிராமம் போதும். வேலை செய்பவர்கள் நமக்காக அசையாமல் நிற்க மாட்டார்கள். ஆனால் நடவு செய்பவரும் கதிர் அறுப்பவரும் தண்ணீர் இறைப்பவரும் சில நொடிகளுக்கு ஒரு முறை அதே நிலைக்குத் திரும்பி வருகிறார்கள். ஆகவே ஒரே தாளில் குனியும் நிலை, நிமிரும் நிலை, திரும்பும் நிலை என்று மூன்று நான்கு உருவங்களை ஒரே நேரத்தில் தொடங்கி, எந்த நிலை வருகிறதோ அந்த உருவத்தில் ஒரு கோடு சேர்த்துக்கொண்டே போகலாம். முதலில் முதுகின் வளைவும் எடை தாங்கும் காலும்; முகம் கடைசியில். கையை முழுதாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலில் தலையின் உயரத்தை அளந்து, உடம்பு அதில் எத்தனை மடங்கு என்று பார்க்க வேண்டும். முழங்கையை மடக்கினால் அளவு மாறிவிடும். இரவில் விளக்கொளியில் கோடு பழகலாம், வண்ணம் மட்டும் கலக்கக் கூடாது. மஞ்சள் வெளிச்சத்தில் சரியாகத் தெரிந்த பச்சை காலையில் வேறாக இருக்கும். நாளுக்கு இரண்டு மணி நேரம் வீதம் பதினொரு மாதம் இப்படி வரைந்த பிறகு, அடுத்த தேர்வில் எனக்கு இடம் கிடைத்தது. பார்த்து எழுதுவது போலப் பார்த்து வரைவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. 1880ஆம் ஆண்டு இருபத்தேழு வயதில் ஓவியராவதென்று முடிவெடுத்த வான்கோவும் அச்சுப் படங்களைப் பார்த்துப் பழகினார். ஆனால் அதோடு நிற்காமல் வயலில் உழைப்பவர்களையும் நேரில் வரைந்தார். ஒரு பிரதி வரைந்தால் நேரில் பார்த்து மூன்று வரைய வேண்டும் என்பது எனக்கு நானே வைத்துக்கொண்ட கணக்கு. பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் குருஷி என்ற சிற்றூரில் 1814ஆம் ஆண்டு உழவர் வீட்டில் பிறந்த ஓவியர் மில்லே, 1837ஆம் ஆண்டு பாரிஸுக்குப் போய், முக ஓவியங்களும் புராணக் காட்சிகளும் வரைந்து, சிறுவயதில் தானே செய்த வயல் வேலையைப் படமாக்க முழுமையாகத் திரும்பியபோது முப்பது வயதைக் கடந்திருந்தார். கதிர் பொறுக்கும் மூன்று பெண்களை அவர் வரைந்தது 1857இல். அந்த ஓவியத்தின் அச்சை முதன்முதலாகப் பார்த்தபோது, குனிந்திருக்கும் அந்த முதுகுகள் எனக்கு முன்பே தெரியும் என்ற உணர்வில் வெகுநேரம் அமர்ந்திருந்தேன்.

பணத்தைப் பற்றி ஒன்று. பதினைந்து வயதிலிருந்து, ஊரில் பலர் புகைப்படம் கொடுத்து முகம் வரையக் கேட்டார்கள். மொத்தம் பதினான்கு முகங்கள் வரைந்தேன். பேசிய தொகை முழுதாக வந்தது ஐந்துக்கு. நான்கு பேர் சாயல் இல்லை என்றார்கள், மற்றவர்கள் பிறகு தருவதாகச் சொன்னார்கள். தெரிந்தவர்களிடம் எப்படிக் கேட்பது என்று நானும் வாயைத் திறக்கவில்லை. இன்று நான் பாதித் தொகையை முன்பணமாக வாங்காமல் தாளைத் தொடுவதில்லை. பென்சில் நிலையிலேயே படத்தைக் காட்டி, சாயலுக்குச் சம்மதம் பெற்ற பிறகே வண்ணத்துக்குப் போகிறேன். இதைச் சிறுவர்கள் கேட்கத் தயங்குவார்கள். வீட்டுப் பெரியவர்கள் அவர்களுக்காகக் கேட்க வேண்டும்.

கல்லூரிக்குப் புறப்பட்டபோது, மிஞ்சிய படங்கள் எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று ஒட்டாதிருக்க நடுவே செய்தித்தாள் வைத்து, தகரப் பெட்டியில் அடுக்கி, வெளிச்சுவரை ஒட்டித் தரையில் வைத்துப் பூட்டினேன். பத்திரமாக இருக்கிறது என்ற நிம்மதியில் இரண்டு மழைக்காலங்கள் ஊர்ப்பக்கம் போகவில்லை. திறந்தபோது முதலில் வந்தது நாற்றம். தகரத்தின் உள்பக்கம் வேர்த்து ஈரம் இறங்கியிருந்தது. மேல் அடுக்குகள் பூஞ்சணம் பூத்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. மாவுப் பசை பூசிய ஓரங்களை வெள்ளிப்பூச்சி அரித்திருந்தது. செய்தித்தாள் தொட்ட இடங்களில் அதன் புளிப்பு ஏறிப் படங்கள் பழுப்பாகியிருந்தன. அம்மா கதவருகில் நின்று ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் பிரித்துப் பார்த்தேன். அவசரத்தில் ஈரத்துணியால் பூஞ்சணத்தைத் துடைத்ததும் பெரிய தவறு. அது தாளுக்குள் இன்னும் ஆழமாகப் பரவியது. முதலில் நிழலில் காற்றாட உலர்த்தி, பிறகு மூக்கை மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, மெல்லிய உலர்ந்த தூரிகையால் தட்டி எடுத்திருக்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சணம் வரும் என்று எதிர்பார்க்க வேண்டும். படங்களைத் தரையில் வைக்காமல் உயரமான பலகையில், வெளிச்சுவரைத் தொடாமல், புளிப்பற்ற தாளை இடையில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது திறந்து காற்றுப்பட வைக்க வேண்டும். பிளாஸ்டிக் உறையில் இறுக மூடுவது ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும். இப்போது கைப்பேசி இருக்கிறது. படம் முடிந்த அன்றே, வெயில் நேரடியாக விழாத பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுத்து இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். எனக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை.

மிஞ்சிய மூன்றில் இரண்டு, நான் எண் குறித்த அந்தக் கணக்கு நோட்டின் வெற்றுப் பக்கங்களில், பணமில்லாத அந்த ஆண்டில் புகைக்கரியால் வரைந்தவை: ஒன்று ஓடைக்கரை, மற்றொன்று உறங்கும் என் தங்கை. நோட்டு அலமாரியில் உயரத்தில் இருந்ததால் தப்பியது. மூன்றாவது, மாடு. பெரியவர் இறந்த பிறகு அவருடைய மகள் அதை ஒரு பழைய துணியில் சுற்றி எடுத்து வந்து, "அப்பா இதை வெயில் படாம உள்ளறையிலதான் வச்சிருந்தார். உங்ககிட்ட இருந்தா நல்லதுன்னு தோணுச்சு" என்று சொல்லிக் கொடுத்தார். சிவப்பு துளியும் மங்கவில்லை. படத்தின் ஓரத்தில், நான் போடாத சிறு கரிக்கோடு ஒன்று பின்தொடையின் வளைவைத் திருத்தியிருந்தது. அதை அவர் எப்போது போட்டார் என்று தெரியவில்லை. ஆனால் அந்தக் கோடு சரியானது.